கோடு எழும்பாத கண்

பகலில் இராசதுரையைப் போல நேராய் நடக்கிற மனுசன் சல்லிக் கிராமத்தில் கிடையாது. பொழுது பட்டால்தான் வினை. முற்றத்துக் கதிரையில் முழங்காலை இடிப்பார், படுத்திருக்கிற நாயை மிதிப்பார், முன்னால் வந்து நிற்கிற சொந்த மச்சானை "ஆரது?" என்று கேட்பார். ஊர் இதற்கு வைத்த பேர் வெறி. சாராயத்தை மோந்தும் பார்க்காத மனுசனுக்கு இப்படியொரு பேர்!

மூன்று வருசத்துக்கு முதல் நடந்த ஒரு காரியம்தான் இந்தப் பேரைத் தேடித் தந்தது. இரவு மீன்பிடியில் படகின் முன்பக்கம், அணியத்தில் இருந்து, மற்றவர்களின் வலையில் மிதக்கும் விளக்குகளைப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. எஞ்சினைப் பிடித்திருந்தவன் வினோஜன், தங்கச்சி கோணேஸ்வரியின் மகன். கொஞ்சம் ஓரமாய் மங்கலாக எரிந்த விளக்கு இராசதுரைக்குத் தெரியவில்லை. படகு வலைக்குள் ஏறி, எஞ்சின் விசிறி அதைக் கந்தலாக்கிவிட்டது. வலை யாருடையது? மீனவர் சங்கத் தலைவர் அருளம்பலத்தினுடையது. பிறகு கேட்க வேண்டுமா?

"எனக்கு ராவில கண் தெரியாது" என்று சங்கத்தில் எழும்பிச் சொன்னார் இராசதுரை.

"பகலில பேப்பர் வாசிக்கிறாய், ஊசியில நூல் கோக்கிறாய். ராவில மட்டும் கண்ணுக்கு லீவோ?" என்றார் அருளம்பலம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அத்தாட்சி கொண்டு வா, பிறகு கதைப்பம்."

சிரித்தவர்களை அவர் மறந்திருப்பார். வீட்டுக்கு வந்து கோணேஸ்வரி சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாய் நின்றது. "குடிச்சா குடிச்சனெண்டு சொல்லுங்கோ அண்ணா. ஏன் இந்த நடிப்பு?" கூடப் பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது! அவளையாவது நம்ப வைக்க வேண்டும் என்று அன்றைக்கே அவர் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

முருங்கையிலை தின்றார், ஈரல் தின்றார், ஒன்றும் சரிவரவில்லை. பட்டணத்துக் கண் கிளினிக்குக்குப் போனார். வெள்ளைக் கோப்பை மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நடுவில் வந்த புள்ளிகள் தெரிந்தன. ஓரத்தில் வந்தவை தெரியவில்லை. ஆனால் புள்ளி இடம் மாறும்போதெல்லாம் மெஷினுக்குள் மெல்லிய 'கிர்' சத்தமொன்று கேட்டது. அலை இரைகிற விதத்தில் கல்லையும், எஞ்சின் சத்தத்தில் மற்றப் படகையும் அறிந்து, காதை நம்பியே கடலோடின மனுசன் அவர். சத்தம் கேட்டதும் கை தானாக அமத்தியது.

மெஷின் லேசுப்பட்டதா? ஆளைச் சோதிக்க இடைக்கிடை வெளிச்சமே காட்டாமல் சத்தத்தை மட்டும் போடும். அதற்கும் அமத்தினார். பதில்கள் நம்பத்தக்கவை அல்ல என்று இங்கிலீசில் அச்சடித்து வந்த தாளை, விளங்காமலே கொண்டுபோய்ச் சங்கத்தில் நீட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்த கதை!

"மெஷினே சொல்லிப்போட்டுது, நீ பொய்யனெண்டு" என்றார் அருளம்பலம்.

டொக்டர் அவரைப் பொய்யன் என்று நினைக்கவில்லை. கண்ணுக்குள் பார்த்ததில் நோய்க்குறி பெரிதாக ஒன்றும் தெரியாததால், வேறொரு சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். அங்கே மெஷினை இயக்கிய பிள்ளை சனூஸா, கிண்ணியா ஊர்க்காரி. கண்ணுக்கு மருந்து விட்டு, இருட்டறையில் இருத்தி, இமைக்குக் கீழே நூல் மாதிரி ஒரு கம்பியையும் நெற்றியில் வயர்களையும் பொருத்தினாள்.

"நான் எதை அமத்த வேணும் பிள்ளை?"

"ஒண்டும் அமத்த வேணாம் ஐயா. நீங்கள் சும்மா இருங்கோ. வெளிச்சம் பட்டால் கண் தானாச் சொல்லும்."

வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. முடிந்ததும் சனூஸா இரண்டு கோடுகளைக் காட்டினாள். நல்ல கண்ணின் கோடு குத்தாக இறங்கி, மலை மாதிரி ஏறியிருந்தது. அவருடையது நேராய்க் கிடந்தது.

"அப்ப நான் பொய் சொல்லேல்லத்தானே?"

"இல்லை ஐயா. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவேயில்லை. மருந்தில்லை, பகல் பார்வையும் மெல்ல மெல்லப் போகும் என்று டொக்டர் சொன்னபோதுகூட மனுசன் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண் போகிறதென்று சந்தோசப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

ஊருக்கு வந்து தாளை லாமினேட் பண்ணினார். மகள் சிவரூபி அதை வாசித்துவிட்டுக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கீழ பரம்பரைக் கண் வருத்தம் எண்டு கிடக்கு. சொந்தத்துக்குள்ள கட்டினா பிள்ளையளுக்கு வரலாமாம். உந்தத் தாளை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

அவளுக்கும் வினோஜனுக்கும் சின்ன வயதிலேயே கலியாணம் பேசி வைத்தது. குடிகார மாமன் எந்த ஊரிலும் கலியாணத்துக்குத் தடையில்லை. தாலிக்குத் தங்கம் உருக்குகிற பொன்னுருக்குக்கு நாளும் பார்த்தாயிற்று.

"மூண்டு வருசமா என்னைப் பொய்யனெண்டு சொன்ன ஊர், பிள்ளை" என்று கையை உதறிக்கொண்டு போனார் இராசதுரை. சங்கத்தில் காட்டினார், தேத்தண்ணிக் கடையில் காட்டினார், கோணேஸ்வரியின் மடியிலும் வைத்தார். அருளம்பலமே எழும்பிக் கைகொடுத்தார். அந்த ஒரு பின்னேரம் இராசதுரை ராசாதான்!

அடுத்த கிழமை கோணேஸ்வரியிடமிருந்து ஆள் வந்தது: பொன்னுருக்கு வேண்டாம், கண் கெட்ட ரத்தத்தில் பெண் எடுக்க ஏலாது. இவள் என்ன வேறு ரத்தமா? அதே வயிற்றில் பிறந்தவள்தானே!

சிவரூபி அழவில்லை. "போய்க் குடிச்சனெண்டு சொல்லுங்கோ அப்பா. தாள் பிழையெண்டு சொல்லுங்கோ" என்றாள். பிழையில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாராயம் வாங்கி, இரண்டு மிடறு குடித்து, கொஞ்சத்தைச் சட்டையிலும் ஊற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நான் குடிகாரன்தான் தங்கச்சி. அண்டைக்கும் வெறியிலதான் வலையை வெட்டினது. கண்ணில ஒரு குறையும் இல்லை. அந்த மெஷினையும் ஏமாத்திப் போட்டன்."

கோணேஸ்வரிக்கு மணம் அடித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஐயோ அண்ணா! கண் போற கவலையில குடிக்கவும் தொடங்கிட்டீங்களே. உங்களைப் போய் நடிக்கிறீங்கள் எண்டு சொன்னனே, பாவி நான்."

"நடிப்புத்தான். சத்தியமா நடிப்புத்தான். கலியாணத்தை நிப்பாட்டாதை."

"அதை மட்டும் கேளாதேங்கோ அண்ணா."

அவர் திரும்பி விறாந்தை விளிம்புக்கு வந்தார். கீழே ஒரே இருட்டு. கண் தெரிகிறவன் மாதிரி விறுக்கென்று இறங்கப் பார்த்தார். கோணேஸ்வரி ஓடிவந்து அவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூண்டு படி இருக்கு அண்ணா. மெல்லக் காலை வையுங்கோ."