வரத்துக்கால்வாயும் யூனிஸ் மேடமும்

இரும்புலியூரில் உள்ள ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேசையில் இருப்பவர் யூனிஸ். வருகிறவர்களை உட்காரச் சொல்வார், போனை உரியவருக்கு இணைப்பார். மீட்டிங் அறையில் அவர் வாய் திறந்ததே இல்லை.

அந்தச் செப்டம்பரில், ஊழியர்களின் வருடாந்தரத் தொண்டு நாளுக்கான மெயில் வந்தது. மாடம்பாக்கத்தில் ஒரு தாங்கலின், அதாவது சிற்றேரியின், ஓரம் இருநூறு மரக்கன்று நடப்போகிறார்கள். மெயிலில் இருந்த படத்தைப் பார்த்ததும் யூனிஸுக்குத் திக்கென்றது. அவர் தெருவுக்குப் பின்னால் உள்ள இடம் அது. மேடாகத் தெரிந்த அந்தத் தரைதான் தாங்கலுக்குத் தண்ணீர் வரும் கால்வாய். கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டித் தூர்த்துவிட்டிருந்தார்கள். வழி தெரியாத மழைத்தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் வீட்டுக்குள் வந்தது. அதன்மேல் மரமும் வைத்துவிட்டால், பிறகு யாரும் தோண்ட விடமாட்டார்கள்.

மீட்டிங் அறைக் கதவைத் தட்டினார்.

“சார், அங்க நடக்கூடாது.”

மேலாளர் ஜெஃப்ரி நிமிர்ந்தார். “மேடம், கன்னு வந்தாச்சு. டி-ஷர்ட் கூட பிரிண்ட் ஆயிடுச்சு.”

“கன்னை எங்க வேணா நடலாம் சார். தண்ணிக்கு அந்த ஒரு வழிதான். கால்வாயைத் தோண்டலாம்.”

“கார்ப்பரேஷன் பர்மிஷன் யாரு வாங்குறது?”

“நான் வாங்குறேன்.”

சொன்னவர் நேராகத் தன் மேசைக்குப் போய்ப் போனை எடுத்தார். போனில் ஆளைப் பிடிப்பது அவருக்குப் புதிதா என்ன? நான்கு நாளில் இருபத்தாறு அழைப்பு. “போதும் மேடம், நானே நேர்ல வந்துடறேன்” என்று உதவிப் பொறியாளர் பழைய வரைபடத்தோடு வந்து பார்த்தார். அனுமதியும் கிடைத்தது.

சனிக்கிழமை அறுபது பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கிழிந்த மெத்தை வந்தது, உடைந்த சிங்க் வந்தது, ஜெஃப்ரியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. யூனிஸின் எதிர்வீட்டில் இருக்கும், மீன் விற்கும் ஜோதிலட்சுமி வேடிக்கை பார்த்தார்.

“இன்னா சார், ஒரு வெட்டுக்கு ஒம்போது செல்ஃபியா? தீவாளி வரைக்கும் வெட்டிக்கினு இருப்பே போல கீது!” என்றவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கிவிட்டார்.

அன்று பாதிதான் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை மெயிலும் இல்லை, பேனரும் இல்லை. நாற்பது பேர் தாமாகவே வந்து மீதியை முடித்தார்கள்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை யூனிஸ் பயந்துகொண்டே வாசல் கதவைத் திறந்தார். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. குடைகூட எடுக்காமல் பின்பக்கம் ஓடினார். கால்வாய் நிறையத் தண்ணீர், இரைச்சலோடு தாங்கலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

“அக்கா! நம்ம வூட்டாண்ட ஒரு சொட்டு இல்லக்கா!” கரையில் நின்று ஜோதிலட்சுமி கத்தினார்.

யூனிஸ் வாய்விட்டுச் சிரித்தார். நனைந்தபடியே வீட்டுக்குப் போய், முதல் வேலையாக, கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்த அரிசி மூட்டையைத் தரையில் இறக்கினார்.