இடம் மாறிய மூன்றும் எட்டும்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒரு வருடம் ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்கு, பக்கத்துப் பள்ளிகளுக்கும் சேர்த்து வினாத்தாள் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. தேர்வு நாளில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். லீவு போட்டுவிட்டுக் கணவரோடு கள்ளக்குறிச்சியில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினேன்.

தியாகதுருகம் தாண்டும்போது போன் வந்தது. எனக்குப் பதிலாகத் தேர்வறையில் நின்ற தமிழ் டீச்சர்.

"டீச்சர், ஏழாவது கணக்குல நம்பர் மாறியிருக்குதுங்க. நீங்க குடுத்த விடைக்குறிப்புல வேற இருக்குது. பசங்க எழுதிக்கினு இருக்காங்க. திருத்திச் சொல்லிடட்டுங்களா?"

நான் எழுதிக்கொடுத்தது 7,35,82,146. அச்சாகியிருப்பது 7,85,32,146. மூன்றும் எட்டும் இடம் மாறிவிட்டன. வகுத்துப் பார்க்காமலே அந்த எண் 9 ஆலும் 11 ஆலும் வகுபடுமா என்று காரணத்தோடு எழுத வேண்டும். இதுதான் கேள்வி. அச்சான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டதுமே லைன் அறுந்துவிட்டது. மலையில் சிக்னல் அப்படித்தான்.

பாதித் தேர்வில் எண்ணை மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் மிரண்டு, மற்ற கணக்குகளையும் சேர்த்துச் சொதப்பிவிடுவார்கள். மற்ற பள்ளிகளிலும் இதே தாள்தான்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா ஆச்சி?"

சொன்னேன். கல்யாணப் பத்திரிகையின் உறையையும் பேனாவையும் நீட்டினார்.

ஒன்பதைப் பற்றிக் கவலையில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 36. எந்த வரிசையில் நின்றாலும் கூடுதல் மாறாது, ஒன்பதால் வகுபடும். பதினொன்றுதான் பயமுறுத்தியது. அதற்கு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரண்டு கூடுதல்களுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். அங்கே இடம் முக்கியம். பஸ் குலுக்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஏழு, ஐந்து, இரண்டு, நான்கு: பதினெட்டு. எட்டு, மூன்று, ஒன்று, ஆறு: அதுவும் பதினெட்டு. வித்தியாசம் பூஜ்ஜியம். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரே ஒரு இலக்கம். இரண்டும் ஒரே கூட்டலுக்குள் வருபவை. அதற்குள்ளேயேதான் இடம் மாறியிருந்தன.

பல தடவை போட்ட பிறகு போன் கிடைத்தது.

"ஒண்ணும் திருத்த வேணாங்க டீச்சர். இந்த நம்பரும் ஒம்பதாலயும் பதினொண்ணாலயும் வகுபடும். கூடுதல்கூட மாறல."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டு வரைக்கும் போய்விட்டாராம்.

மற்ற பள்ளிகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். கணவர் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணப் பந்தியில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

விடைத்தாள் திருத்தியபோது அந்தக் கணக்கில் யாரும் குழம்பியிருக்கவில்லை. ஒருத்தி மட்டும் காரணத்தை எழுதிவிட்டு, ஓரத்தில் பதினொன்றால் வகுத்தும் பார்த்திருந்தாள். மீதி பூஜ்ஜியம். வகுக்கக் கூடாது என்று கேள்வியிலேயே இருந்தது. இருந்தாலும் முழு மதிப்பெண் போட்டேன்.