'வேணாம்' என்றொரு பட்டன்

எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, தலை வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிட்டது. நம் ஊரில் தலையை அப்படிச் சாய்த்தால் சரி என்று அர்த்தம். போதாதா? குடும்பத்துக்கே வசதியாகப் போய்விட்டது.

"இன்னும் ஒரு இட்லி வைக்கட்டா?" தலை சாய்ந்திருக்கும். வைத்துவிடுவார்கள். "ஃபேனை நிறுத்திடட்டா?" தலை சாய்ந்திருக்கும். நிறுத்திவிடுவார்கள். பார்க்க வந்த அத்தை ஒருத்தி, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்குப் பட்டுப்புடவையைச் சுற்றி உட்காரவைத்தாள். கேட்டதற்கு, "அவுங்களே சரின்னுட்டாங்க" என்றாள். எங்கம்மா எங்கே சரி என்றாள்? கழுத்து சாய்ந்தால் அது சம்மதமா?

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். போனது பேச்சு மட்டும், புரிவது அப்படியே இருக்கிறது என்று. வலது கை விழுந்துவிட்டது, இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடது கையை வீசி அம்மா எதையாவது மறுத்தால், "கோவப்படாத, பிரஷர் ஏறும்" என்று அதைப் பிடித்துத் தடவிக் கொடுப்பார்கள். சரி என்றால் அவளுக்குப் புரிகிறதாம், மறுத்தால் அது வியாதியாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வீடு செம்மண்டலத்தில். அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்தில், மேலவீதியை ஒட்டின ஒரு சந்தில் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்துப் போய்விடுவேன். அண்ணன் சென்னையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஒருநாள் அவன் போனில் சொன்னான்: "பொங்கல் முடிஞ்சதும் அந்த வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன். வீடியோ கால்ல அம்மாவைக் கேட்டேன். சரின்னுட்டாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

"தலைய ஆட்டுனாங்க."

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் வைத்தது என் பொறுமை. அம்மா வாய் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், அண்ணன் வாயடைத்துப் போவான். அந்தச் சொல்லை அவளுக்கு எங்கிருந்து வாங்கிக் கொடுப்பது என்று யோசித்ததில்தான் இந்த ஆப் கதை ஆரம்பித்தது.

பேச முடியாதவர்களுக்கென்று ஆப்கள் இருக்கின்றன என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். படத்தைத் தொட்டால் போன் பேசும். ஒன்றை இறக்கி அம்மாவின் போனில் போட்டேன். தண்ணீர் படத்தைத் தொட்டாள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புப் போல ஒரு பெண் குரல் வந்தது. அப்பா எழுந்து போய் வாசலில் யார் என்று பார்த்துவிட்டு வந்தார். சரி, குரலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் காலை அம்மா பாத்ரூம் படத்தைத் தொட்டாள். உடனே திரை முழுக்கச் சீட்டாட்ட விளம்பரம், பாட்டோடு. மூடுகிற பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் விரல் தடுமாற, அது இன்னொரு விளம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. விளம்பரம் முடிந்து போன் விஷயத்தைச் சொல்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஆப்பைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ, என் கையில் அகப்பட்டிருந்தால் அன்றைக்கு ஒரு வழி பண்ணியிருப்பேன்.

நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். எனக்கு ஆப்பைப் பற்றி என்ன தெரியும்? பால் பாக்கெட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் அமுக்கத் தெரியும். அதனால் ஆப் செய்கிறவர்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் சேர்ந்து, மரியாதையாகக் கேட்டேன்: ஒரு படத்தைத் தொட்டால் நான் பதிவு செய்த குரல் வர வேண்டும், நெட் இல்லாமல் ஓட வேண்டும், விளம்பரம் கூடாது, நான் புதுசு, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் பதில், சிரிக்கிற பொம்மை. இரண்டாவது, "தேடிப் பார்த்துட்டுக் கேளுங்க மேடம்." தேடிப் பார்க்காமலா இங்கே வந்தேன்? "இதுதான் ஏற்கெனவே இருக்கே" என்றான் ஒருவன். "எந்த லேங்குவேஜ்ல பண்ணப் போறீங்க?" என்று இன்னொருவன் கேட்டான். தமிழில் என்று வெகுளியாகப் பதில் போட்டேன். அவன் கேட்டது கம்ப்யூட்டர் மொழியை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அதைப் படம் பிடித்து வேறு குழுக்களுக்கு அனுப்பிச் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். நான் பாடம் நடத்துகிற வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, மீனுக்குத் தாகம் எடுக்குமா டீச்சர் என்று கேட்டால், மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்களை நான் அடக்குவேன். கேட்டவளை அடக்கினால் அவள் அப்புறம் வாயே திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இந்தப் படித்த கூட்டத்துக்கு அது தெரியவில்லை.

அண்ணனிடமும் கேட்டேன். எத்தனையோ பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவன். "உனக்கு என்னாத்துக்கு இந்த வேலை? நல்ல ஆப் எதுனா நான் காசு குடுத்து வாங்கி அனுப்பறேன்" என்றான். அனுப்பினான். நாகரிகமான ஆப், விளம்பரம் இல்லை. நன்றி, காலை வணக்கம், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று பட்டன்கள். எங்கம்மா யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், எதற்கு?

கடைசியில் அதே குழுவில் முகம் தெரியாத ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று கோத்து ஆப் செய்கிற இலவசத் தளம் ஒன்று இருக்கிறது, நிரல் எழுதிப் பழக வேண்டியதில்லை, அதில் ஆரம்பியுங்கள் என்றார். பள்ளிக்கூட லேப்டாப்பை ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணி, காபி, பாத்ரூம், படுக்கணும், வலிக்குது எல்லாவற்றையும் என் குரலிலேயே, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பதிவு செய்தேன். ஒன்றும் ஓடவில்லை. குரல் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன், அது பிடிக்கவில்லையாம் அதற்கு. ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் பெயர் வை என்று முன்னாலேயே சொன்னால் குறைந்தா போவார்கள்? அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

முடித்து அம்மாவின் போனில் ஏற்றப் போனால், இந்த ஆப் உங்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்று போன் எச்சரித்தது. சீட்டாட்டக்காரனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்ட போன், மகள் செய்ததைக் கண்டு பயப்படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதி, அனுமதி என்று அமுக்கித் தள்ளினேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். "இது நெட்டு இல்லாம ஓடுமா?" ஓடும்ப்பா. "ரீசார்ஜ் பண்ணலன்னா உங்கம்மா பேச்சு நின்னுடாதே?" நிக்காதுப்பா. "அப்டேட்டு கேட்டா குடுக்கலாமா, குடுக்கக் கூடாதா?" இவர் கேட்டதில் ஒன்றுகூட அசட்டுக் கேள்வி இல்லை. அந்தக் குழுவில் இருந்த ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

அப்பாவைக் கூப்பிட ஒரு பட்டன் வைத்திருந்தேன். அவர் போட்டோ, கீழே அவர் பெயர். அதற்கு மட்டும் குரல் பதிவு செய்ய மறந்து, எழுதின பெயரை மெஷினே படிக்கும்படி விட்டிருந்தேன். அம்மா ஆசையாக அந்தப் போட்டோவைத் தொட்டாள். மெஷின் குரல் அப்பாவின் பெயரை, வெறும் பெயராக, 'ர்' விகுதிகூட இல்லாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது. கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூட என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டி என்னைச் சொல்ல வைப்பவள் எங்கம்மா. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. இடது கை பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டது. போனைக் கவிழ்த்துப் போட்டுத் தலையணையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் அவரை முறைத்துவிட்டு, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று என் குரலில் பதிவு செய்து மாற்றிக் கொடுத்தேன். அப்புறமும் அன்றைக்கு அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் தொட்டாள். எல்லாப் பட்டனையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். பிறகு திரையின் அடியில், ஒன்றுமில்லாத இடத்தைத் தட்டினாள்.

"இங்க என்னாம்மா வேணும்? டிவியா?" தட்டினாள். "கோவிலா? அண்ணனுக்குப் போனா?" இன்னும் பலமாகத் தட்டினாள். விரல் நகம் கண்ணாடியில் டக்கு டக்கென்று இடித்தது. அந்த நேரம் பார்த்து அப்பா காபியோடு வந்தார். அம்மா இடது கையால் டம்ளரைத் தள்ளினாள். "கோவப்படாத, பிரஷர் ஏறும், ஒரு வாய் குடி" என்றார் அப்பா, டம்ளரை மறுபடி உதட்டருகே கொண்டுபோய்.

"அவதான் வேணாங்கறாள்ல!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. வேணும் என்பதற்கு அத்தனை பட்டன் வைத்திருந்தேன், வேணாம் என்பதற்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சிவப்புக் கட்டம், அதில் விரித்த உள்ளங்கை. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "வேணாம்!" என்று பதிவு செய்தேன். அப்பா மேல் இருந்த கோபம், அண்ணன் மேல் இருந்தது, சிரிக்கிற பொம்மை அனுப்பினவன் மேல் இருந்தது எல்லாம் அந்தக் குரலில் ஏறியிருந்தது. மறுபடி நிதானமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா தொட்டுக் கேட்டுப் பார்த்தாள். முகம் தெளிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே செம்மண்டலத்தில் என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்தேன். கைப்பிடி வைத்த கட்டில் வாங்கிப் போட்டேன், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். சென்னைக்குப் போகப் பிடிக்காதவள் வேறு எங்கே வருவாள்? என்னிடம்தான்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், அம்மாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ம்மா, நாளைக்கு வண்டி வந்துடும். நம்ம வீட்டுக்குப் போயிடலாம், சரியா?"

அம்மாவின் தலை சாய்ந்தேதான் இருந்தது. "பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினான்.

அம்மாவின் இடது கை மடியிலிருந்த போனுக்குப் போனது. "வேணாம்!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கை தவறிப் பட்டுடுச்சி."

"வேணாம்!"

"ரெண்டு வாட்டி வருது பாரு. உன் ஆப்புல எதுனா பக் இருக்கும்."

"பக் உன் மண்டையில இருக்கு" என்றேன். "அம்மா சொல்றாங்க. காது கேக்குதா, இல்லியா?"

அம்மா எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. அவனைப் பார்த்து, அழுத்தி விரலை வைத்தாள். "வேணாம்!" வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பாதான் வாய் திறந்தார். "விடுப்பா. அவ வரலங்கறா. வண்டிய வேணாம்னு சொல்லிடு." அண்ணன் முகம் தொங்கிப்போய், போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

எனக்கு ஜெயித்துவிட்ட பூரிப்பு. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டேன். "அவன் கிடக்கறான், விடு. ரூமெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்மா. கட்டில்கூட வாங்கிப் போட்டுட்டேன். ரெண்டு பேரும் என்கூட செம்மண்டலத்துக்கு வந்துடுங்க. போலாமா?"

தலை சாய்ந்திருந்தது. நான் எழுந்து புடவைகளை எடுத்து வைக்கப் பீரோப் பக்கம் திரும்பினேன்.

"வேணாம்!"

என் குரல். நான் பதிவு செய்த அதே கோபத்தோடு, என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பிப் பார்த்தேன். "தப்பா அமுத்திட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு முறை அமுக்கினாள்.