சுவரில் ஆறே கால் அடி

ஆபீஸ் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக வீட்டுவரி வசூலிக்கிறவளுக்கு ஊர் வைத்த பேர் ரசீதம்மா. அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், "வீட்ல யாரும் இல்லை" என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும். "அப்ப பேசுறது யாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவாள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார்: "என்னைப் பார்த்தா ஓடி வந்து கையைக் காட்டுவாங்க. உன்னைப் பார்த்தா ஓடிப்போய்க் கதவைச் சாத்துறாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் எவன் பொருத்தம் பார்த்தான்?"

நாலு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, ஒரு மத்தியானம், ஊருக்கு மேற்கே இருந்த ஏரிக்கரை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் ஊரின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பதினொரு பேர் செத்துப்போனார்கள். ரசீதம்மாவின் வீடு மேட்டில் இருந்ததால் வாசல்கூட நனையவில்லை. அதற்காக சந்தோஷப்படவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அரசு உத்தரவு வந்தது. மூன்று அடிக்கு மேல் தண்ணீர் நின்ற வீட்டுக்கு ஒரு வருஷ வரி தள்ளுபடி. ஆறு அடிக்கு மேல் என்றால் மூன்று வருஷம். சுவரில் சேற்றுக்கோடு தெரிய வேண்டும். தரையிலிருந்து கோடு வரை டேப்பைப் பிடித்து போட்டோ எடுக்க வேண்டும். அளக்கிற வேலை அவளுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் அவளுக்குக் கதவைத் திறந்தது. நாற்காலி இல்லாத வீடுகளில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். சேற்று வாடையும் ஊறிப்போன மெத்தை வாடையும் அவள் புடவையிலேயே தங்கிவிட்டன.

இரண்டாம் நாள் தங்கச்சி வீடு. கோடு இரண்டு அடி எட்டு அங்குலத்தில் இருந்தது.

"நாலு அங்குலம்தானேக்கா," என்றாள் தங்கச்சி. "டேப்பை வாசப்படிக்குக் கீழ இருந்து பிடிச்சா மூணு வந்துடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்டி."

"ஃப்ரிட்ஜ் போச்சு, மோட்டார் போச்சு, கட்டில் போச்சு. உனக்கு நாலு அங்குலம் பெருசாப் போச்சா?"

"உனக்கு நாலு அங்குலம் குடுத்தா எதிர்வீட்டுக்காரிக்கு அரை அடி குடுக்கணும். அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து இல்லைன்னு ஆயிடும்."

தங்கச்சி டேப்பின் அந்த முனையைக் கையிலிருந்து விட்டாள். அது சரசரவென்று சுருண்டு ரசீதம்மாவின் விரலில் அடித்தது. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் கண்ணால பார்க்குறேன்," என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த வாரம் பள்ளத்துத் தெரு. அங்கேதான் தையல்காரர் வீடு. கடையில் அவரும், பள்ளிக்கூடத்தில் மகளும் இருந்த நேரத்தில் தண்ணீர் வந்தது. வீட்டில் தனியாக இருந்த அவர் மனைவி, தைக்க வந்த துணிகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் அவள் உடலை எடுத்தது சாய்ந்து கிடந்த பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்.

ரசீதம்மா உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது புது பெயின்ட் வாசனை. நாலு சுவரும் இளநீலமாக இருந்தன. கோட்டைக் காணோம்.

"பொண்ணு அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா," என்றார் தையல்காரர். "சாப்பிட மாட்டேங்குறா. அதான் கடன் வாங்கியாவது அடிச்சுட்டேன்."

இந்தப் பக்கத்து வீட்டிலும் அந்தப் பக்கத்து வீட்டிலும் ஆறே கால் அடி. நடு வீட்டில் மட்டும் தண்ணீர் மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்குமா? ஆனாலும் படிவத்தில் அதற்கு இடமில்லை. தங்கச்சிக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா என்று நினைத்தாள். 'அடையாளம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார்.

இரண்டு மாதத்தில் வரி நோட்டீஸ் வந்தது. அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கு, அவர் வீட்டுக்கு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்பக் கட்டணும்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டு வாங்கி அவளுக்குப் பழக்கம்தான்.

"மேல்முறையீடு செய்யலாம் சார். முப்பது நாள் டைம் இருக்கு," என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "பீரோவுக்குப் பின்னாடியும் பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பீரோவைப் பார்க்காமலே பதில் சொன்னார். "இல்லை. நிமிர்த்தி வெச்சதோட சரி. அங்க கோடு இருக்கும். ஆனா அதை நகர்த்த மாட்டேன்மா. வரியைக் கட்டிடுறேன்."

மறுநாள் ஆபீஸில் தானே ஒரு குறிப்பு எழுதினாள்: இரண்டு பக்கத்து வீடுகளிலும் கோடு ஆறே கால் அடியில் உள்ளது, மூன்று வீட்டுக்கும் தரைமட்டம் ஒன்றே, சுவரில் பெயின்ட் அடித்தது வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டில் ஓர் உயிர் போயிருக்கிறது. பொய் ஒரு வரி இல்லை. மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. தணிக்கைக்குப் புரியணுமே? போட்டோ எங்கேன்னு கேட்பான்."

"பதினொரு பேர் செத்தது பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு சார்."

"அது வேற செக்ஷன்," என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிக்கும் கை கட்டியிருந்தது. "ஒண்ணு பண்றேன். நேரடி ஆய்வுக்கு மேல அனுப்புறேன்," என்றார்.

ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். அவளுக்குத் தகவல் கிடைத்து, பஸ்ஸைப் பிடித்துப் பள்ளத்துத் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. தையல்காரர் கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது மகள், பதினொரு வயது. மேசைக்குக் கீழே, ஜன்னலோரம் என்று கோட்டைத் தேடியவர்கள், "இதைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா" என்று மூன்று பேராகப் பீரோவைத் தள்ளியிருக்கிறார்கள். பீரோ விஷயம் அவர்களுக்குத் தெரியாது; ரசீதம்மா எழுதிய குறிப்பில் அது இல்லை. பின்னால் ஒரு ஆள் அகலத்துக்குப் பழைய சுவர் அப்படியே நின்றது. சேறு, பூஞ்சை, அதற்கு மேலே நேராக ஒரு பழுப்புக் கோடு. டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள்.

ரசீதம்மா உள்ளே போனபோது அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "அம்மா இங்கதான் இருந்தாங்களா?" என்று கேட்டாள். ரசீதம்மா பீரோவைத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். தனி ஆளுக்கு அது அசையவில்லை.

சாயங்காலம் தையல்காரர் வந்தார். எல்லாவற்றையும் ரசீதம்மாவே சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க," என்றார். பிறகு, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கம்மா," என்றார். குரல் உயரவே இல்லை.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது, மூன்று வருஷத் தள்ளுபடி. போஸ்டில் அனுப்பினாள், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அப்பனும் மகளும் யாரோ உறவுக்காரர் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தங்கச்சி காதுக்கும் விஷயம் போனது. "யாரோ ஒருத்தருக்குன்னா எழுத்து ஓடுது, கூடப்பிறந்தவளுக்குன்னா டேப் சுருங்குது" என்று அவள் சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள்.

"போய்ப் பேசிட்டு வாயேன்," என்றார் கணவர்.

"என்னன்னு பேசுறது? அவ சொல்றதுல பாதி நிஜம்தானேங்க," என்றாள்.

மூன்று வருஷமும் அந்தப் பூட்டின வீட்டுக்கு வரி இல்லை. நாலாவது வருஷம் வேறு ஒருவர் அதை வாங்கினார். பதிவேட்டில் தையல்காரர் பேரை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, புதுப் பேரை ரசீதம்மா தன் கையாலேயே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, அடுத்த தெருவுக்கான நோட்டீஸ்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.