ரேணுகாம்பாளின் ரைஃபிள்

அடி அண்ணாமலையில் ரேணுகாம்பாள் பெயருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் மாறி வந்தபோது ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவள் புருஷன் சடையன் பாம்பு கடித்து இறந்துபோனான். மலையடிவாரத்து வேர்க்கடலைக் கொல்லை, அதைக் கிளறித் தின்ன வரும் காட்டுப்பன்றிகள், பயிர்க் காவலுக்கு அவன் வைத்திருந்த போல்ட் ரைஃபிள் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன.

சடையன் ஆறடி ஆள். அவனுக்கு அளவான துப்பாக்கியின் மரக்கட்டை இவள் தோளில் நிற்கவே இல்லை. சுட்டால் கன்னம் வீங்கியது. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். அவளோ அர்ஜுன ஆசாரியைக் கூப்பிட்டு, காய்ந்த தேக்கில் தன் தோளுக்கு அளவெடுத்துப் புதுக் கட்டை செதுக்க வைத்தாள். குழலும், குண்டை ஏற்றும் போல்ட்டும் பழையவை. குழலில் மரம் உரசினால் குறி தப்பும் என்று, இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பொருத்தினான் ஆசாரி.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் துப்பாக்கி அவளை ஏமாற்றவில்லை. கடலை விதைத்ததும் வறண்ட ஏரிக்குள் இறங்கி, கரையில் குறி வைத்துச் சுட்டுப் பார்ப்பாள். பார்த்த இடத்தில் குண்டு விழும். அவள் வெடிச் சத்தத்தில் பக்கத்துக் கொல்லைகளும் பிழைத்தன. அதற்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

எண்பத்து நான்கில் மகள் கஸ்தூரியின் பிரசவத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போனாள். வீட்டுச் சாவி கொழுந்தன் அப்பாதுரையிடம் இருந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டுத் திரும்பிய மறுநாள் விடியற்காலை, கொல்லையில் ஒரு பன்றி அசையாமல் நின்றது. சுட்டாள், குறி தப்பியது. திரும்பச் சுட்டாள், அதுவும் தப்பியது. மத்தியானத்துக்குள் டீக்கடை வரை செய்தி போய்விட்டது. அவளுக்குக் கண் போய்விட்டது என்று அங்கே உட்கார்ந்து சொன்னவன் அப்பாதுரை.

சாயங்காலம் அப்பாதுரை வந்தான். ரொம்பக் கரிசனமாகப் பேசினான்.

"வயசாவுதில்ல அண்ணி, கண்ணு கம்மியாயிருக்கும். லைசென்ஸ என் பேருக்கு மாத்திடலாமே."

அந்தக் கரிசனத்தில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் காலையில் ஏரிக்குப் போனாள். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி நிதானமாகச் சுட்டாள். குண்டுகள் எல்லாம் குறிக்கு ஒரு சாண் வலப்பக்கம், ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்திருந்தன. கண் கெட்டிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா சிதறும்?

வீட்டுக்கு வந்து குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. மரம் ஊறிப் பருத்து ஒரு பக்கமாகக் குழலை நெட்டிக்கொண்டிருந்தது. திருகுகளின் தலை சிதைந்திருந்தது. உள்ளே செம்மண். பக்கத்து வீட்டுக்காரி தனத்தை உலுக்கிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்பாதுரை சிநேகிதர்களோடு காட்டுக்கு எடுத்துப்போய் மழையில் மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றித் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தானாம்.

ரேணுகாம்பாள் கட்டையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனாள். அப்பாதுரை நாலு பேரோடு உட்கார்ந்திருந்தான்.

"என் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே, இது எப்படி ஊறிச்சுன்னும் சொல்லு."

"அண்ணன் வச்சிருந்த துப்பாக்கிதானே அண்ணி. நான் எடுக்கக்கூடாதா?"

"எடுத்ததக்கூட விட்டுடுவேன். நீ கெடுத்துட்டு, கெட்டுப்போனது நான்னு சொன்ன பாரு, அத விடமாட்டேன்."

 கடைக்காரர், குடும்ப விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளலாமே என்றார். அவளைப் பற்றிய பேச்சு கடையில்தான் நடந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும்.

ஆசாரி கட்டையை நிழலில் உலர்த்தி, உள்பக்கம் சீவிக் கொடுத்தான். குறி பழையபடி நேரானது. ஆனால் அப்பாதுரை சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, இந்த அம்மாவுக்குப் பார்வை இல்லை என்று அவன் மனு கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னார். தேதியைப் படித்து, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். லைசென்ஸ் அவள் பெயரிலேயே நின்றது. புருஷன் இறந்த நாளில் வராத அழுகை, திரும்பி வரும் பஸ்ஸில் ஆத்திரத்தோடு வந்தது.

அடுத்த வருஷம் பன்றிகள் அப்பாதுரையின் கொல்லையில் இறங்கின. வேறு வழியில்லாமல் அவனே வந்து வாசலில் நின்றான். அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே வெடியில் கூட்டம் மலைப்பக்கம் ஓடியது. அப்பாதுரையின் பெண்டாட்டி வேதா காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கி, குடிக்காமல் வரப்பின்மேல் வைத்துவிட்டு, ரேணுகாம்பாள் தன் கொல்லைக்கு நடந்தாள்.