வீரக்குட்டி ஊற்றாத கஞ்சி

வீரக்குட்டியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. உள்ளதை எழுதுகிறேன்.

ஆள் மட்டக்களப்புப் பக்கம், வாகரை. இங்கே கனடாவில், மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஸ்காபரோவில் என் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். அவரும் மனைவியும் வேலைக்குப் போவதால், மகள் லக்ஷிகா பள்ளி விட்டு வந்து என்னிடம்தான் வளர்ந்தாள். அவர் அக்காவை ஷெல்லடியில் பறிகொடுத்தவர். நான் மன்னாரில் மகனைப் பறிகொடுத்தவள். அவர் சைவம், நான் வேதம், மாதா கோயில்காரி. வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

போர் முடிந்த நாளான மே பதினெட்டில், ஒவ்வொரு வருடமும் பிளாசா வாசலில் அவர் கஞ்சி காய்ச்சுவார். போரின் கடைசி நாட்களில் சனம் உயிர் பிடித்த, அரிசியும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. கை நீட்டுகிறவரை யாரென்று கேட்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம்.

போன வருடம் பத்து வயது லக்ஷிகா ஒரு வகுப்புத் தோழியை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். தினிதி, சிங்களப் பிள்ளை.

“இவளின்ர மாமாவும் உந்தச் சண்டையிலதான் செத்தவர். இவளுக்கும் குடுங்கோ அப்பா.”

“மாமா என்ன வேலை செய்தவர்?” என்று கேட்டது நான்தான்.

“ஆமி” என்றாள் லக்ஷிகா.

இலங்கை ராணுவம்! எனக்குத் தலைக்கேறியது. “உவளுக்கு ஊத்தினியெண்டா இனி உன்ர வாசல் மிதிக்கமாட்டன்!” என்று கத்தினேன். வரிசையும் முணுமுணுத்தது. வீரக்குட்டி அகப்பையைக் கீழே வைத்தார். லக்ஷிகா தன் கப்பைத் தோழியிடம் நீட்ட, அதையும் தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் எங்கள் இருவரோடும் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷ். வேலைத்தல இங்கிலீஷைத் தாண்டாத மனிதர், சொந்த மகள் சொல்வது பாதி விளங்காமல் நின்றார். நெஞ்சழுத்தக்காரி!

இந்த மே மாதம் கஞ்சி முடிந்து என்னையும் லக்ஷிகாவையும் காரில் ஏற்றியவர், வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஊரான பிக்கரிங் பக்கம் விட்டார்.

“எங்க போறாய்?”

“பேசாம இரு அக்கா.”

தினிதி குடும்பம் மாறிப்போன புது வீடு. ஒரு கப் கஞ்சியோடு போய் மணி அடித்தார். தகப்பன் திறந்தான். “புலிச் சாப்பாடு எங்களுக்கு வேண்டாம்” என்று இங்கிலீஷில் சொல்லிக் கதவை அறைந்து சாத்தினான்.

“நல்லா வேணும்” என்றேன்.

திரும்பி வந்தவரின் கையிலிருந்து லக்ஷிகா கப்பை வாங்கினாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

“உப்புக் காணாது, அப்பா” என்றாள், தமிழில்.

வீரக்குட்டி ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதார்.

எங்கள் கட்டட வாசலில் நான் இறங்கும்போது, “போயிட்டு வாறன் பிள்ளை” என்றேன்.

“பாய்” என்று எனக்கு இங்கிலீஷில்தான் சொன்னாள். அன்ரி என்றுகூடச் சொல்லவில்லை.