முகூர்த்த நாளில் லீவு விட்ட தையல் கிளாஸ்

மிஷின் ஆயிலும் பந்திச் சாம்பாரும் கலந்தால் ஒரு வாசனை வரும்... உங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் முதல் வேலைக்கு அந்த வாசனைதான்.

சூலூரில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டு ஹாலில் இருபது பவர் மிஷின்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூடிப்போன ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஆட்களுக்கு அங்கே ஒரு மாத டெய்லரிங் ட்ரெயினிங். சொல்லிக்கொடுப்பவள் நான். வயது இருபத்திரண்டு. கார்மென்ட் டிப்ளமோ வாங்கிய கையோடு, அப்பா வயது ஆட்களுக்கு டீச்சர்!

இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து மலிவாக நூல் வந்தது. பழைய மிஷின்களை வைத்துக்கொண்டு அந்த மில்லால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதே கதவு வழியாகத்தான் திருப்பூருக்கு ஆர்டர் கொட்டியது. அங்கே ஆள் போதவில்லை, இங்கே ஆட்களுக்கு வேலை இல்லை. வேலை போனவர்களுக்குக் கொஞ்சம் பணமும் கூடவே ஒரு புதுத் தொழிலும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். நானும் அதை முழுசாக நம்பினேன்.

கிளாஸுக்கு முதல் ஆளாக வருபவர் ரங்கசாமியண்ணன். நாற்பத்தேழு வயது. மில்லில் நூல் நூற்கும் மிஷினில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர். மகள் கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். கடைசி நாள் டெஸ்ட்டில் பாஸானால் திருப்பூர் கம்பெனி ஒன்று டெய்லராக எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்த வயதுக்கு வாட்ச்மேன் வேலைதான், சம்பளம் பாதிகூட வராது.

"வெளிநாட்டு நூலு வந்து எங்க மில்லச் சாத்திப்போட்டாங்க. இப்ப அந்த வெளிநாட்டுக்காரனுக்கே பனியன் தைக்கப் பழகறேன் பாருங்க அம்மணி" என்று சிரிப்பார்.

தையல் அவருக்கு நன்றாகவே வந்தது. நூல் அறுந்தால்தான் வினை.

மில்லில் ஒரு இழை அறுந்தால் மொத்த மிஷினையும் நிறுத்த மாட்டார்கள். அது பாட்டுக்கு ஓடும். நூல் சுற்றும் அந்த ஒரு கதிரை மட்டும் பிடித்து, விரலால் இழையை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், தையல் மிஷினில் நூல் அறுந்ததும் அண்ணனின் கால் பெடலிலேயே இருக்கும், கை மட்டும் நேராக ஊசிக்குப் போகும். இரண்டாம் நாளே நகத்தில் ஊசி இறங்கிவிட்டது.

"அண்ணா, மொதல்ல கால எடுங்க. அப்புறம் கை வைங்கண்ணா."

"தெரியுதுங்க அம்மணி. புத்திக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரிய மாட்டீங்குது."

மத்தியானங்களை மறக்கவே முடியாது. வென்டிலேட்டர் வழியாக வெயில் சாய்ந்து விழும். அதில் பஞ்சுத் துகள்கள் மெதுவாக மிதக்கும்... இருபது மிஷினும் ஒரே சுருதியில் முனகும். "கண்ண மூடுனா மில்லுக்குள்ளயே இருக்கறாப்பல இருக்குதுங்க" என்பார் அண்ணன். எனக்கும் கண் சொக்கும். டீச்சர் தூங்கலாமா என்று கேட்காதீர்கள்.

அது ஆவணி மாதம் வேறு. முகூர்த்தம் வந்தால் மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, லீவு. ஒருமுறை எங்கள் கிளாஸ் ஆட்களே பாதிப் பேர் அந்த ஹாலில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள், உறவுக்காரர் கல்யாணமாம். எல்லோரும் சிரித்தோம். ஒரு மாத கிளாஸில் ஒன்பது நாள் இப்படியே போனது.

மூன்றாவது வாரம் அண்ணனுக்குக் கால் தானாகவே பெடலை விட்டு வர ஆரம்பித்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்து மூன்று நாள் சேர்ந்தாற்போல் முகூர்த்தம். திரும்பி வந்தபோது கை பழையபடி மில்லுக்கே போயிருந்தது.

டெஸ்ட் அன்று கம்பெனி ஆள் ஒருவர் வாட்சோடு பக்கத்தில் நின்றார். நான்காவது பீஸில் நூல் அறுந்தது. காலை எடுக்கவில்லை... கை ஊசிக்குப் போய்விட்டது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம்.

என் கையிலிருந்த தாளில் இரண்டே கட்டங்கள். பாஸ், ஃபெயில். ஊசியில் கை பட்டால் ஃபெயில் என்பது கம்பெனி விதி. நான் ஃபெயிலில் டிக் போட்டேன்.

அண்ணன் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வெசனப்படாதீங்க கண்ணு. நீங்க சரியாத்தான போட்டிருக்கறீங்க" என்றார். பிறகு, "அந்தத் துணி வீணாப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன். நீலாம்பூர் பக்கம் ஒரு குடோன் வாசலில், காக்கிச் சட்டையில். பஸ்ஸுக்குள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் இறங்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது திருப்பூரில் ட்ரெயினிங் முழுக்க என் பொறுப்பு. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய் ஒரு யூனிட்டை மூடினால், அந்த ஆட்களை வேறு மிஷினுக்குப் பழக்க வேண்டும். ஏசி ஹால், சுவரில் வீடியோ. நூல் அறுந்தால் மிஷினே நின்றுவிடுகிறது. தாளில் மட்டும் இன்னமும் அதே இரண்டு கட்டங்கள்.

போன வாரம் ஒரு பேட்ச்சில் நாலைந்து பேருக்குக் கை வரவில்லை. ஆபீஸுக்குப் போன் போட்டு, "இன்னும் பதினைந்து நாள் வேணும்" என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்றாவது வாரத்தில் கால் எடுக்கக் கற்றுக்கொண்ட மனுஷனுக்கு, இன்னும் ஒன்பது நாள் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை.